இல்லாத சாவிக்கு என்ன விடை?

அச்சு அகராதியில் இல்லாத சொல்லைத் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புகிறார். அதனால் அகராதி மாறிவிடுவதில்லை. நிரல்மொழிகளில் ‘அகராதி’ என்று வழங்கும் தரவமைப்பில் இவ்வளவு எளிய செய்தி நீண்டகாலம் தீராத வழக்காகவே இருந்துவந்தது. சாவி ஒன்றைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை எடுத்துத் தருவது இவ்வமைப்பின் பணி. சாவியே இல்லையெனில்? பிழை என்று அறிவித்து நின்றுவிடலாம். வெற்று மதிப்பொன்றைத் தரலாம். கேட்கப்பட்ட சாவியை அந்தக் கணமே உருவாக்கிக்கொள்ளவும் செய்யலாம். தரவைக் கணினியில் எண்ணத் தொடங்கும் ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் இவற்றுள் ஒன்றை, பெரும்பாலும் அறியாமலே, ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறார்.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1960களில் ரால்ஃப் கிரிஸ்வால்டும் உடன்பணியாளர்களும் உருவாக்கிய ஸ்நோபால்4, உரையைக் கையாள்வதற்கென எழுந்த மொழி. அதன் அட்டவணையில் இல்லாத சாவியைக் கேட்டால் வெற்றுச்சரமே விடையாக வரும். அதே ஆய்வகத்தில் 1977இல் ஏஹோ, வைன்பர்கர், கெர்னிகன் ஆகிய மூவரும் தம் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்துப் பெயரிட்ட ‘ஆக்’ மொழி இன்னும் ஓரடி முன்னே சென்றது. அங்கே இல்லாத சாவியின் மதிப்பு, கூட்டலில் வந்தால் பூஜ்யம். சரமாக வந்தால் வெறுமை. ஒரு நூலின் சொற்களை எண்ண முன்னேற்பாடு எதுவும் வேண்டாம். சொல் வரும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டினால் போதும். அரைப்பக்க நிரல் ஒற்றை வரியாகச் சுருங்கியது. ஆக் பெற்ற செல்வாக்கிற்கு இந்தச் சுருக்கமும் ஒரு காரணம்.

இதற்கு ஒரு விலை இருந்தது. ஆக்கில் ஒரு சாவியின் மதிப்பைக் கேட்பதே அச்சாவியைப் பட்டியலில் ஏற்றிவிடும். படிக்கும் செயலே எழுதும் செயலாகிவிடும். 2011ஆம் ஆண்டின் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 640 மாவட்டங்கள். அவற்றைச் சாவிகளாகக் கொண்ட ஒரு பட்டியலில், எழுத்துப்பிழையோடு ஒரு பெயரைத் தேடுவதாகக் கொள்வோம். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் தராது. பிழையான அப்பெயரே 641ஆவது மாவட்டமாக ஏறிவிடும். அதற்கு மக்கள்தொகை பூஜ்யம். மாவட்டச் சராசரியின் வகுஎண்ணில் மட்டும் ஒன்று கூடியிருக்கும். தவறான விடையைச் சரியான விடையின் தோற்றத்தில் தரும் இத்தகைய பிழை, நிரலை முறித்துப்போடும் பிழையைக் காட்டிலும் கொடியது. 1980களில் திருத்தி விரிக்கப்பட்ட ஆக், ஒரு சாவி இருக்கிறதா என்று அதை உருவாக்காமலே வினவும் வழியைச் சேர்த்தது. ஆனால் பழைய நடத்தை அப்படியே நீடித்தது. பின்னர் வந்த பேர்ல் மொழியும், உள்ளடுக்கில் ஒரு சாவி உண்டா என்று கேட்ட அளவிலேயே வெளியடுக்குச் சாவியைப் பிறப்பித்துவிடுகிறது.

பெல் ஆய்வகத்திலிருந்து 1971இல் அரிசோனா பல்கலைக்கழகத்திற்குச் சென்ற கிரிஸ்வால்டு, அங்கு வளர்த்த ஐக்கான் மொழியில் இவ்விரு செயல்களையும் பிரித்தார். அட்டவணையை அமைக்கும்போதே அதன் முன்னிருப்பு மதிப்பை நிரலர் குறித்துவிடலாம். இல்லாத சாவியைக் கேட்டால் அம்மதிப்பு வரும், அட்டவணை வளராது. எண்களுக்கு இது முற்றிலும் பொருந்தியது. வெற்றுப் பட்டியலொன்றை முன்னிருப்பாக வைத்தவர்கள்தாம் இடறினர்: இல்லாத சாவிகள் அனைத்தும் அந்த ஒரே பட்டியலைச் சுட்டின. ஒரு சாவியின் பெயரால் அதில் சேர்த்தது எல்லாச் சாவிகளின் பெயராலும் தெரிந்தது.

ஆம்ஸ்டர்டாமில் குய்டோ வான் ரோசம் உருவாக்கி 1991இல் வெளியிட்ட பைத்தான் எதிர்முனையில் நின்றது. இல்லாத சாவியா? சாவிப்பிழை; நிரல் நிற்கும். கண்டிப்பான இந்நிலை சிறிது சிறிதாகத் தளர்ந்ததே அம்மொழியின் சுவையான பகுதி. சாவி இல்லாவிடில் தரவேண்டிய மதிப்பைக் கேட்பவரே சொல்லும் ‘கெட்’ வந்தது. அகராதியை அது தொடுவதில்லை. 2000இல் வெளியான 2.0 பதிப்பு ‘செட்டிஃபால்ட்’ என்பதைச் சேர்த்தது. பெயரைக் கண்டு பொருளை ஊகிக்க இயலாத முறை இது: மதிப்பைத் தரும், இல்லையெனில் இட்டுவைத்துத் தரும். சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் புதிய வெற்றுப் பட்டியல் ஒன்று வீணே உருவாவது அதன் குறை.

2006இல் வெளியான 2.5 பதிப்பில் வந்த ‘டிஃபால்ட்டிக்ட்’, முன்னிருப்பாக மதிப்பைக் கேட்கவில்லை. மதிப்பை உண்டாக்கும் செயற்கூற்றைக் கேட்டது. தேவைப்படும்போது மட்டும், ஒவ்வொரு சாவிக்கும் தனித்தனியே, அச்செயற்கூறு இயங்கும். ஐக்கான் பயனர்கள் இடறிய இடம் இங்கே சமன்செய்யப்பட்டது. இதை விளக்க அப்பதிப்பின் ஆவணம் எடுத்துக்கொண்டது தாந்தேயின் காவியத் தொடக்கத்தை. அச்சொற்களை முதலெழுத்துவாரியாகத் தொகுக்கும் சிறு நிரல் அது. எல்லா அகராதிகளுக்கும் இவ்வியல்பை ஏற்றாமல் தனி வகையாக ஒதுக்கியதும் நல்ல முடிவே. ஏனெனில் சதுர அடைப்பில் சாவியை இட்டு வாசித்தால் டிஃபால்ட்டிக்டும் வளரும். 641ஆவது மாவட்டம் இங்கும் பிறக்கும். 2009இல் 3.1 பதிப்போடு அதே தொகுதியில் சேர்ந்த ‘கவுண்ட்டர்’ நேர்மாறானது: இல்லாத சாவிக்குப் பூஜ்யம் என்று விடை சொல்லும், பட்டியலில் எதையும் ஏற்றாது. ஒரே தொகுதியில் அருகருகே இருக்கும் இரு கருவிகளும் ஒரே கேள்விக்கு இருவேறு விடை தருவதைப் பாடநூல்கள் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை.

எண்ணிக்கைக்குப் பூஜ்யம் பொருந்தும். வாராத சொல் பூஜ்யம் முறை வந்ததாகச் சொல்வதில் பொய்யில்லை. அளவீட்டுக்கு அது பொருந்தாது. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வயது அட்டவணைகளில் வயது குறிப்பிடப்படாதோர் தனி வரிசையில் நிற்கின்றனர். தனியாள் பதிவுகளைக் கொண்ட ஒரு கோப்பில், வயது இல்லாத இடத்தில் ‘கெட்’ வழியே பூஜ்யத்தை இடும் நிரலோ அவர்கள் அனைவரையும் ஒரு வயது நிறையாத குழந்தைகளின் வரிசையில் சேர்த்துவிடும்.