இன்ஜின் தட்டுது: சத்தத்தை அடக்கிய ஈயத்தின் கதை

இந்த எபிசோடில் ஒரு சத்தத்தோட வரலாற்றைப் பார்க்கப் போறோம்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டுக்கு வர்றீங்கன்னு வெச்சுக்குங்க. காருக்குள்ள அஞ்சு பேர், ஏசி ஓடுது. முன்னால போற பஸ்ஸால வேகம் முப்பதுக்கு இறங்குது. கியரைக் குறைக்காம நாலாவதிலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறீங்க. தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி பானட்டுக்குள்ள ஒரு சத்தம். மெக்கானிக்கிட்ட கேட்டா "நாக்கிங் அடிக்குது"ம்பார்.

உள்ளே என்ன நடக்குது? பிளக் பொறி விட்டதும் சிலிண்டருக்குள் தீ அந்த இடத்திலிருந்து சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்கு முன்பே, ஓரத்தில் இருக்கும் பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டால், அதிர்ச்சி அலை எழுந்து சுவரில் மோதும். அந்த மோதல்தான் நமக்குக் கேட்கும் தட்டல். இப்படித் தானாகப் பற்றாமல் எரிபொருள் எவ்வளவு தாக்குப்பிடிக்கும்னு சொல்றதுதான் ஆக்டேன் எண். விட்டுட்டா பிஸ்டனே ஓட்டையாகலாம்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி கார் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி. அழுத்தம் கூடினால்தான் அதே பெட்ரோலில் அதிக சக்தி கிடைக்கும். ஆனால் அழுத்தம் கூடினால் தட்டும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், 1921 டிசம்பரில் டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைச் சேர்த்துப் பார்த்தார். துளி போதும், தட்டல் நின்றது. 1923-ல் விற்பனைக்கும் வந்துவிட்டது. பெயர் "எத்தில்". ஈயம் என்ற சொல்லையே பெயரில் காணோம்!

இங்கதான் கதை இருட்டாகுது. ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரியும். அந்த 1923-ன் தொடக்கத்தில் மிட்ஜ்லியே ஈய நஞ்சிலிருந்து தேற ஓய்வுக்குப் போயிருந்தார். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி சுத்திகரிப்பு ஆலையில் தொழிலாளர்கள் மனம் பேதலித்தார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் நிருபர்கள் முன்னால் மிட்ஜ்லி அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றி, முகர்ந்தும் காட்டினார்.

வேற வழியே இல்லையா? இருந்தது. ஆல்கஹால் கலந்தாலும் தட்டல் அடங்கும் என்று அந்தக் குழுவுக்கே தெரியும். ஆனால் ஆல்கஹாலைப் பத்து, இருபது சதவீதம் கலக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம், காப்புரிமை கிடையாது. ஈயம் துளி போதும், காப்புரிமையும் உண்டு. எங்க ஆபீஸ் பாஷையில சொன்னா, நம்ம மாட்யூல்ல இருக்கிற பக்கை அடுத்தவன் மாட்யூலுக்குத் தள்ளிவிட்டு டிக்கெட்டை க்ளோஸ் பண்ற வேலை. இன்ஜினுக்குள் இருந்த பிரச்சினை சைலன்சர் வழியாகத் தெருவுக்கு வந்தது.

நம்ம ஊருக்கு வருவோம். 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு மாநகரங்களில் புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் பட்டால் கன்வெர்ட்டர் கெட்டுவிடும். அதனால் ஈயமில்லாத பெட்ரோலும் வந்தது. இதற்குப் பின்னால் உச்ச நீதிமன்றத்தில் எம்.சி. மேத்தா நடத்திய வழக்கு இருந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்து மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் 1999-ல் வந்தது. 2000 பிப்ரவரி 1-ல் ஈய பெட்ரோல் நாடு முழுக்க நின்றது. உலகிலேயே கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021-ல்.

சரி, இன்னைக்கு உங்க கார் தட்டினா என்ன பண்றது? முதல்ல எந்தச் சத்தம்னு பிரிச்சுக் கேளுங்க. லோடு ஏறும்போது மட்டும் கேட்குற மெல்லிய கலகலப்புன்னா நாக்கிங். கியரைக் குறைச்சதும் நின்னுட்டா கிட்டத்தட்ட உறுதி. அடிக்கடி வந்தா சிலிண்டர்ல கார்பன் படிவு, தப்பான பிளக், இன்ஜின் சூடு, பெட்ரோல் தரம், எல்லாத்தையும் வரிசையா பார்க்கச் சொல்லுங்க. இப்போதைய கார்களில் தட்டலைக் கேட்கிற நாக் சென்சார் உண்டு. அது சொன்னதும் கம்ப்யூட்டர் பொறி விடும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது 'டிக் டிக்'னு கேட்டு, சூடானதும் அடங்கினா பெரும்பாலும் டப்பட் சத்தம். அடியிலிருந்து கனமா 'டொக் டொக்'னு இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து கூடினால், வண்டியை ஓரம் கட்டி உடனே ஆஃப் பண்ணுங்க. அது கனெக்டிங் ராடு பேரிங்கா இருக்கலாம். டிப் ஸ்டிக்கை எடுத்து ஆயிலைப் பாருங்க, அப்புறம் ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க.

இன்னொரு வேடிக்கை. இப்ப பங்க்குல வர்ற இ20-ல இருபது சதவீதம் எத்தனால். அன்றைக்கு ஓரங்கட்டின அதே ஆல்கஹால்! ஆக்டேன் கூடுது. ஆனா எத்தனாலில் பெட்ரோலைவிட மூணுல ஒரு பங்கு சக்தி குறைவு, அதனால மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களையும் கவனிக்கணும். இந்த விலை உங்க பர்ஸில் தெரியும், மீட்டரில் தெரியும். ஈயத்தோட விலை அப்படித் தெரியவே இல்லை.

ஈய பெட்ரோல் நின்று சில ஆண்டுகள் கழித்து, சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுள்ள எழுநூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சராசரியே டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராமைத் தாண்டியது. அப்போது கவலைப்பட வேண்டிய அளவு 10. ஈயம் கூடின பிள்ளைகளுக்குக் கவனம் சிதறுவது அதிகம் என்றும் அந்த ஆய்வுகள் காட்டின. பேட்டரி, பெயின்ட் என்று வேறு வழிகளும் உண்டுதான். ஆனால் ஈயம் மக்காது. சாலையோர மண்ணில் அப்படியே கிடக்கும்.

அதனால, யாராவது "ஒரே துளி போதும், சத்தம் நின்னுடும்"னு வந்தா, அந்தத் துளி எங்க போகும்னு ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.