பலகையில் இல்லாத பெயர்கள்: பல்கலைக்கழகம் நோக்கி எமது மாணவிகள்

எமது பாடசாலை மண்டபச் சுவரிலே தொங்கும் பலகையை அறியாத பழைய மாணவி இருக்கமாட்டார். மருத்துவம், பொறியியல் என்ற இரு தலைப்புகளின் கீழ் ஆண்டுவாரியாகப் பொன்னிற எழுத்தில் பெயர்கள். நூற்றாண்டு மலருக்காகப் பல்கலைக்கழகம் சென்றோரின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு எம்மிடம் தரப்பட்டபோது, அப்பலகையைப் பிரதிபண்ணினாற் போதும் என்றே முதலில் எண்ணினோம். பழைய இடாப்புகளையும் பரிசளிப்பு விழா அறிக்கைகளையும் புரட்டத் தொடங்கியபின் அந்த எண்ணம் நிலைக்கவில்லை. சென்றவர்கள் எப்படிச் சென்றார்கள், சென்றிருக்கக்கூடியவர்கள் ஏன் செல்லவில்லை என்பதைப் பலகை சொல்வதில்லை.

பாடசாலை தொடங்கிய காலத்தில் இலங்கையில் பல்கலைக்கழகமே இல்லை. 1921இல் கொழும்பில் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தம் செய்தது. மருத்துவக் கல்லூரி 1870 முதல் இருந்தது. பெண்களுக்கு அதன் கதவு 1892இலேயே திறந்துவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்து வீட்டிலிருந்து ஒரு பெண்பிள்ளை கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிப்பதென்பது சிலருக்கே கைகூடியது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகி, 1945இல் இலவசக் கல்வியும் வந்தபின்னரே எமது மாணவிகள் ஒருவர் இருவராகப் பல்கலைக்கழகப் புகுமுகப் பரீட்சைக்குத் தோற்றத் தொடங்கினர். விஞ்ஞானம் கற்க விரும்பியவர்கள் நீண்டகாலம் ஆய்வுகூடம் உள்ள வேறு கல்லூரிகளுக்கு மாறிச் சென்றனர். அவர்களது பெயர்கள் எமது பலகையிலும் இல்லை. அந்தக் கல்லூரிகளின் பலகைகளிலும் இருக்குமோ தெரியாது.

1960களில் க.பொ.த. உயர்தரம் புகுமுகப் பரீட்சையின் இடத்தைப் பிடித்தது. எமது ஆய்வுகூடமும் அக்காலத்தில் வளர்ந்தது. அந்த நல்ல காலம் நீடிக்கவில்லை. 1971இல் பல்கலைக்கழகம் புகுந்த அணிக்கு மருத்துவத்துக்கான ஆகக்குறைந்த புள்ளி 400க்கு, சிங்களமொழிமூலம் 229, தமிழ்மொழிமூலம் 250. பேராதனைப் பொறியியலுக்கு அது முறையே 227, 250. அடுத்துவந்த ஆண்டுகளில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இதன் அரசியல் விளைவுகளைப் பலர் எழுதிவிட்டனர். நாம் நினைப்பது 229க்கும் 250க்கும் இடையில் நின்றுபோன அக்காமாரைத்தான். அவர்களிற் சிலர் ஆசிரியைகளாகித் திரும்பிவந்து எமக்கே விலங்கியலும் இரசாயனவியலும் கற்பித்தனர். வகுப்பில் ஒருநாளேனும் அவர்கள் அதைப்பற்றிப் பேசியதில்லை.

1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. கலைப்பீடம் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்திலும், விஞ்ஞானபீடம் வட்டுக்கோட்டையிலும் இயங்கின. 1978இல் மருத்துவபீடம் வந்தது. சைக்கிளில் போய்வரும் தூரத்தில் பல்கலைக்கழகம் என்பது பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை சிறிய விடயமல்ல. அதுவரை உயர்தரத்தோடு நின்ற பலர் பட்டதாரிகளாயினர்.

ஆயினும் அந்த அண்மையே ஒரு வேலியாகவும் ஆனது. இதை எமது அணியிலே கண்டோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது நாம் 11ஆம் ஆண்டில் இருந்தோம். சிலர் தலையணை உறைக்குள் கடந்தகால வினாத்தாள்களைத் திணித்துக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். மறுஆண்டு திரும்பிவந்து உயர்தரத்துக்குப் பதிந்தபோது மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விலை காரணமாக ஒரு ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றி மூவர் படித்தோம். இவை எல்லாரும் சொல்லும் கதைகள். அதிகம் சொல்லப்படாதது, 12ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் நடந்தது.

எமது வகுப்பில் கணிதத்தில் எவரும் நெருங்கமுடியாத பிள்ளைகள் நால்வர் இருந்தனர். தூய கணிதமும் பிரயோக கணிதமும் எடுக்கவேண்டியவர்கள். மூவர் தாவரவியலும் விலங்கியலும் எடுத்தனர். காரணம் எளிது. யாழ்ப்பாணத்தில் அப்போது பொறியியற்பீடம் இல்லை. கிளிநொச்சியில் அது வந்தது 2010களில்தான். பொறியியல் என்றால் மொறட்டுவை அல்லது பேராதனை. ஏ9 வீதி மூடப்பட்டிருந்தது. காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அதற்கு முன்னே அனுமதிக்கு அலைச்சல், பின்னே வழியெங்கும் சோதனைச்சாவடி. “கப்பலில பிள்ளையைத் தனிய விட ஏலாது” என்று ஒரு தாயார் அதிபரின் அறைவாசலில் நின்று சொன்னது இன்றும் காதில் நிற்கிறது. அவரைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. பாடசாலையைப் பற்றி அப்படிச் சொல்லமுடியவில்லை. உயிரியலில் இருந்தாற் பலகைக்கு ஒரு பெயர் கூடும் என்று கணக்குப் பார்த்தவர்களும் இருந்தனர். அம்மூவரில் ஒருவருக்கே மருத்துவம் கிடைத்தது. மருத்துவராகியிருக்கும் எமக்கு, அதே பிரிவில் அமர்ந்திருந்த மற்ற இருவரையும் எண்ணாமல் அந்தப் பலகையைப் பார்க்க முடிவதில்லை.

வழிகாட்டல் என்று அன்று இருந்தது ஒரு கைந்நூல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலின் ஒற்றைப் பிரதி. நூலகப் பொறுப்பாசிரியை அதற்குப் பழைய கலண்டர்த் தாளில் உறைபோட்டு, ஆளுக்கு அரைமணித்தியாலம் என்று தருவார். முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிகளைக் கொப்பியில் எழுதிக்கொள்வோம். தாவரவியல் வினாத்தாள் கடினமாக வந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி, இலகுவாக வந்த ஆண்டுக்குப் பொருந்தாது என்று எமக்கு எவரும் சொல்லவில்லை.

2000இல் நான்கு பாடங்கள் மூன்றாயின. அடுத்த ஆண்டு இசட் புள்ளி வந்தது. அதன் கணக்கு பலருக்கு இன்னும் மர்மமாகவே உள்ளது. ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியமவிலகலால் வகுப்பதே அது. சராசரி 40, நியமவிலகல் 15 ஆன பாடத்தில் 70 எடுத்தவருக்கு 2. சராசரி 55, நியமவிலகல் 10 ஆன பாடத்தில் அதே 70 எடுத்தவருக்கு 1.5. மூன்று பாடங்களின் சராசரியே அவரது இறுதி இசட் புள்ளி. இன்று பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக இடங்கள் பகிரப்படுகின்றன.

அண்மைய ஆண்டுகளில் பெறுபேறு வந்தபின் பழைய மாணவிகள் சிலராகப் பாடசாலைக் கணினி அறையில் இருந்து பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுக்கிறோம். நாம் கண்ட பெருந்தவறு தெரிவு ஒழுங்கிலேயே நேர்கிறது. “போன வருசம் இதுக்கு எட்டேல்லை, மேலே போட்டா வீணாப்போகும்” என்று விரும்பிய கற்கைநெறியைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். வீணாவதில்லை. முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவதே முதலாவதுபோலப் பார்க்கப்படும். கீழே போட்டால்தான் விரும்பாதது முதலிற் கிடைத்துவிடும். அதில் பதிந்தபின் அடுத்த ஆண்டு மாறிக்கொள்ளலாம் என்பதும் நடவாது. இன்னொரு தவறு, மருத்துவத்தை மட்டும் எழுதிவிட்டு மூன்றாம் முறையும் பரீட்சைக்கு இருப்பது. மூன்று முறைக்குப்பின் அந்த வாசல் அடைபடும். அப்போது 21, 22 வயது.

தகுதிபெறுவோரிற் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடமில்லை என்பதும் உண்மையே. கல்வியியற் கல்லூரி, தாதியர் பயிற்சி, திறந்த பல்கலைக்கழகம், தொழினுட்பக் கல்லூரி என்றெல்லாம் சொன்னால் தாய்மாரின் முகம் வாடுகிறது. வாட்டில் எம்மோடு இரவிரவாக நிற்கும் தாதிய உத்தியோகத்தரில் எமது பாடசாலைப் பிள்ளைகளும் உண்டு. அவர்களையும் எந்தப் பலகையிலும் எழுதவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் கிளைச் சங்கங்கள் மாதிரி வினாத்தாள் அச்சிடப் பணம் அனுப்புகின்றன; நன்றி. பெறுபேறு வந்த வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையோடும் அரைமணித்தியாலம் பேசுவதற்கு ஆட்கள் கிடைத்தால் அதைவிட உதவி.

பட்டியல் இம்மலரின் பின்பக்கங்களில் வருகிறது. மருத்துவம், பொறியியல் என்று பிரிக்காமல், வெளியேறிய ஆண்டு, பெயர், சென்ற இடம், செய்த தொழில் என்ற ஒழுங்கில் அமைத்திருக்கிறோம். 1974க்கு முந்திய பக்கங்களில் வெற்றிடங்கள் அதிகம். வேறு கல்லூரிக்கு மாறிச் சென்று படித்த அக்காமாரும், இடம் கிடைத்தும் போகமுடியாமல் நின்றவர்களும் தங்கள் விபரத்தைச் சங்கச் செயலாளருக்கு எழுதி அனுப்பினால் அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்வோம்.