வரவில் வராத பெயர்கள்

வங்கிக்காரனுக்கு 'கிரெடிட்' என்றால் ஒரே அர்த்தம்தான். கணக்கில் வரவு. யார் கட்டினார், எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கவுண்டர், பாஸ் செய்தது யார், எல்லாம் வவுச்சரில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் ஆடிட்டர் விட மாட்டார்.

இசைத்தட்டுக்காரர்கள் அதே வார்த்தையை வேறு அர்த்தத்தில் சொல்வார்கள். பாடியது யார், வாசித்தது யார், ஒலிப்பதிவு செய்தது யார் என்று உறையில் பொடி எழுத்தில் போடும் விவரம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை போலத் தோன்றும். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பெயர் எங்கே போகிறதோ, பணமும் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

நான் கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து ஆறு வருடம் ஆகிறது. மிர்ஸா காலிப் தெரு என்று பெயர் மாற்றினாலும் இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் என்றே எல்லோரும் சொல்லும் தெருவில் பழைய ரெக்கார்டு கடைகள் உண்டு. சனிக்கிழமை மதியம் அங்கே போய் தட்டுகளைப் புரட்டுவது வழக்கமாகிவிட்டது. வாங்குவது குறைவு, உறையைப் படிப்பதுதான் அதிகம். கடைக்காரரும் "தாதா, இன்றைக்கும் படிக்க மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு டீ சொல்லுவார் :-)

இந்தக் கதை தொடங்குவதும் இந்த ஊரில்தான்.

ஹனோவருக்குப் போன மெழுகு

1902 நவம்பரில் லண்டன் கிராமஃபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பெர்க் என்ற அமெரிக்கர் கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையை ஸ்டுடியோவாக்கி ஒலிப்பதிவு செய்தார். அப்போது பதிவானவர்களில் பெரிய பெயர் கௌஹர் ஜான். அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டால் பாட்டு முடிந்த கையோடு ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொல்வது காதில் விழும். பெருமைக்காகச் சொன்னதில்லை. பதிவு செய்த மூலத்தைக் கப்பலில் ஜெர்மனிக்கு அனுப்பி, ஹனோவரில்தான் தட்டு அச்சடிப்பார்கள். அங்கே இருப்பவர்களுக்கு நம் பாட்டும் தெரியாது, பாஷையும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று குழம்பக் கூடாதே, அதற்காகப் பாடகரையே பெயர் சொல்ல வைத்தார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதாவது, இந்தியாவில் இசைக்குக் கிடைத்த முதல் 'கிரெடிட்' குரலிலேயே பதிவானது.

1908இல் சியால்தாவில் தட்டுத் தொழிற்சாலை வந்தது. பிறகு அது டம் டம்முக்கு மாறியது. ஹனோவர் பயணம் நின்றது, பெயர் சொல்லும் வழக்கமும் மெல்ல மறைந்தது.

பழைய தட்டு கையில் கிடைத்தால் இன்னொன்றையும் பாருங்கள். லேபிளுக்குப் பக்கத்தில், பாட்டுக் கோடுகள் முடிகிற இடத்தில், ஓர் எண் இருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். அதோடு ஓர் எழுத்தும் இருக்கும். கிராமஃபோன் கம்பெனியின் ஆரம்ப காலத் தட்டுகளில் அந்த எழுத்து பதிவு செய்தவர் யார் என்பதைக் குறிக்கும். நம் வவுச்சரில் போடும் இனிஷியல் மாதிரி. லேபிளில் அவர் பெயர் இருக்காது. ஆனால் கம்பெனிக் கணக்கில் அவர் உண்டு. கம்பெனிக்குத் தேவையான விவரம் தொலைவதில்லை. கேட்பவருக்குத் தேவையான விவரம்தான் தொலைகிறது. இதை மனதில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

வேறு பெயரில் பாடியவர்கள்

லேபிளில் பெயர் இருந்தால் மட்டும் உண்மை என்று சொல்லிவிட முடியாது. வங்காளத்தில் காளியைப் பற்றிய ஷ்யாமா சங்கீதத்தைப் பாடிப் பெயர் வாங்கியவர் கே.மல்லிக். அவருடைய இயற்பெயர் முகமது காசிம். லக்னோவிலிருந்து இங்கே வந்து 1940களில் வங்காளப் பாடல்கள் பாடிய தபன் குமார் வேறு யாருமில்லை, பிற்காலத்தில் இந்தித் திரையில் புகழ்பெற்ற தலத் மஹ்மூத்தான். தட்டு விற்க வேண்டும், வாங்குபவர் முகம் சுளிக்கக் கூடாது. அதற்கேற்ற பெயர்.

சினிமா வந்தபோது பாடகரின் பெயரே காணாமல் போனது. 1949இல் வந்த 'மஹல்' படத்தில் கேம்சந்த் பிரகாஷ் இசையில் லதா மங்கேஷ்கர் பாடிய புகழ்பெற்ற பாட்டின் முதல் தட்டில் பாடியவர் 'காமினி' என்று இருந்தது. காமினி என்பது படத்தில் மதுபாலா நடித்த பாத்திரத்தின் பெயர்! இல்லாத ஒரு பெண்ணின் கணக்கில் லதாவின் குரலை வரவு வைத்துவிட்டார்கள். ஃபிலிம்ஃபேர் விருதில் பின்னணிப் பாடகருக்கென்று தனிப் பிரிவு 1959இல்தான் வந்தது. அதுவும் லதா சண்டை போட்ட பிறகு. ஆண், பெண் என்று பிரித்தது 1968இல்.

கிளாரினெட் பென்ஷன்காரர்

பாடகர்களாவது சண்டை போட்டு வாங்கினார்கள். பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்கள்?

ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் கிளைக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் பென்ஷன்காரர்கள் வருவார்கள். அதில் ஒருவர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். ஆபீஸ் முடிந்ததும் ரெக்கார்டிங் போய் கிளாரினெட் வாசிப்பாராம். "எந்தத் தட்டு தாதா?" என்று கேட்டேன். மூன்று பாட்டுச் சொன்னார். மூன்றும் இந்த ஊரில் துர்கா பூஜை சமயத்தில் இன்றும் ஒலிபெருக்கியில் போடும் பாட்டுகள். "உறையில் உங்கள் பெயர் இருக்கிறதா?" என்றேன். சிரித்தார். "மேனேஜர் பாபு, உயிரோடு இருப்பதற்கே இங்கே சர்டிபிகேட் கொடுக்க வேண்டியிருக்கிறது. கிளாரினெட் வாசித்ததற்கு யார் கொடுப்பார்கள்?" என்றார். ஒரு செஷனுக்கு இவ்வளவு என்று கையில் ரொக்கம் கொடுப்பார்களாம், அதோடு சரி. வருடத்துக்கு ஒருமுறை அவர் கையெழுத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடுகிறேன். அவர் வாசித்ததற்கு அத்தாட்சி அவர் பேச்சு மட்டும்தான்.

பம்பாயிலும் இதே கதைதான், அளவு பெரிது. கோவாவிலிருந்து வந்த கலைஞர்கள் மேற்கத்திய இசைக் குறிப்பு எழுதத் தெரிந்தவர்கள். மெட்டுப் போடுபவர் ஒருவர். அந்த மெட்டுக்கு எத்தனை வயலின், எங்கே டிரம்பெட், இடையிசையில் என்ன என்று பிரித்து எழுதியவர் அரேஞ்சர். சங்கர்-ஜெய்கிஷன் படங்களின் அந்தப் பிரம்மாண்டமான வாத்திய ஓசைக்குப் பின்னால் இருந்தவர் செபாஸ்டியன் டிசௌசா. டைட்டிலில் அவர் பெயர் 'உதவியாளர்' வரிசையில் வரும். ஆந்தனி கொன்சால்வஸ் என்றதும் உங்களுக்கு 1977இல் வந்த 'அமர் அக்பர் ஆந்தனி' பாட்டு ஞாபகம் வரும். நிஜமாகவே அந்தப் பெயரில் ஒரு வயலின் மேதை இருந்தார். அந்தப் படத்துக்கு இசையமைத்த இரட்டையரில் ஒருவரான பியாரேலாலுக்கு வயலின் சொல்லிக் கொடுத்த குரு. சிஷ்யன் தன் பாட்டில் குருவின் பெயரை வைத்துக் கடனைத் தீர்த்தார். எத்தனை பேருக்கு இப்படி ஒரு சிஷ்யன் கிடைப்பான்?

கிரெகரி பூத் என்ற ஆய்வாளர் பம்பாய்க் கலைஞர்களை நேரில் கண்டு பேசி 2008இல் புத்தகமாகவே கொண்டுவந்தார். அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

டெட்ராய்ட்டிலும் அதேதான்

நம் நாட்டில்தான் இப்படி என்று அங்கலாய்க்க வேண்டாம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் மோடவுன் கம்பெனி 1960களில் ஹிட் பாட்டுகளாக வெளியிட்டுக் கொண்டிருந்தது. பாடகர்கள் பல பேர். ஆனால் பின்னால் வாசித்தது பெரும்பாலும் ஒரே குழு. ஃபங்க் பிரதர்ஸ் என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் பாஸ் கிடார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேட்டு உலகம் முழுக்கப் பலர் அந்த வாத்தியத்தைக் கற்றார்கள், அவர் பெயர் தெரியாமலேயே. 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தில்தான் மோடவுன் முதன்முதலாக வாத்தியக் கலைஞர்களின் பெயர்களை உறையில் அச்சிட்டது. அடுத்த வருடமே கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸ் போய்விட்டது! ஜேமர்சன் 1983இல் இறந்தார். அந்தக் குழுவைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002இல்.

ஜாஸ் இசையில் நிலைமை கொஞ்சம் மேல். யார் வாசித்தார், எந்தத் தேதி, எந்த ஸ்டுடியோ என்பதையெல்லாம் ரசிகர்களே கேட்டு வாங்குவார்கள். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' 1959இல் மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. பியானோ பில் எவான்ஸ், ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் வின்டன் கெல்லி.

இந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். அந்த ஆல்பத்தின் முதல் மூன்று உருப்படிகளும் பல வருடமாகச் சற்றே சுருதி ஏறி ஒலித்தன. மூன்றும் மார்ச் 2இல் பதிவானவை. அன்று ஓடிய டேப் இயந்திரத்தின் வேகம் பிசகியிருந்தது. அதே நேரத்தில் இன்னொரு இயந்திரத்தில் எடுத்த காப்பு டேப்பை வைத்து 1992இல்தான் சரி செய்தார்கள். 33 வருடம்! நம் பாஷையில் சொன்னால், எந்த நாள் எந்தக் கவுண்டர் என்று பதிவு இருந்தால் டேலி ஆகாத கணக்கையும் என்றைக்காவது டேலி செய்துவிடலாம்.

அதே ஆல்பத்தில் 'ப்ளூ இன் கிரீன்' என்ற உருப்படியை இயற்றியவர் டேவிஸ் என்றுதான் போட்டிருந்தது. அது தன்னுடையது என்பது எவான்ஸின் வாதம். அவர் தன் ஆல்பத்தில் அதை வாசித்தபோது இருவர் பெயரையும் போட்டார். ராயல்டி பற்றிக் கேட்டபோது டேவிஸ் 25 டாலருக்கு ஒரு செக் எழுதிக் கொடுத்ததாக எவான்ஸ் சொன்ன கதை ஒன்று உண்டு.

முப்பது எழுத்துக்குள்

நம் பக்கத்திலும் நல்ல உதாரணங்கள் உண்டு. 1967இல் எச்.எம்.வி.யின் ஜி.என்.ஜோஷி முயற்சியில் வந்த 'கால் ஆஃப் தி வேலி'யில் சந்தூர் சிவகுமார் சர்மா, புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா, கிடார் பிரிஜ்பூஷண் காப்ரா, தபலா மாணிக்ராவ் போபட்கர் என்று எல்லோரும் தெரிய வந்தார்கள். தமிழில் ஏ.ஆர்.ரஹ்மானின் கேசட் உறைகளைப் பார்த்துத்தான் புல்லாங்குழல் நவீன், பாஸ் கிடார் கீத் பீட்டர்ஸ், ஒலிப்பதிவு எச்.ஸ்ரீதர் என்ற பெயர்களை என் வயதுக்காரர்கள் மனப்பாடம் செய்தோம்.

பிறகு எம்பி3 வந்தது. அந்தக் கோப்பின் கடைசியில் விவரம் எழுத முதலில் ஒதுக்கிய இடம் மொத்தம் 128 பைட். பாட்டின் தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30. கலைஞர் என்று ஒரே ஒரு கட்டம்! இசையமைப்பாளர், அரேஞ்சர், கிளாரினெட் எல்லோரும் எங்கே போவது? ஃபாரத்தில் கட்டம் இல்லை என்றால் ஆளே இல்லை. பிறகு வந்த வடிவங்களில் இடம் தாராளம்தான். இப்போது சில ஆப்களில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களும் வருகின்றன. ஆனால் உள்ளே ஏற்றாத விவரம் வெளியே எப்படி வரும்?

"பெயர் வராவிட்டால் என்ன, இசை இருக்கிறதே" என்பவர்களுக்காகக் கடைசியாக ஒரு விஷயம். 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியானது. நல்ல காரியம். அதே திருத்தத்தில், 'நிகழ்த்துபவர்' என்றால் யார் என்ற விளக்கத்தில் ஒரு விதிவிலக்கும் சேர்ந்தது. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டில் உட்பட எங்கேயும் அவர் பெயர் போடப்படாவிட்டால், ஒரு சின்ன விலக்கு தவிர அவர் நிகழ்த்துபவராகக் கருதப்பட மாட்டார். துணைக்கு வாசித்தவர் இதில் வருவாரா, மாட்டாரா என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். ஆனால் பெயர் போடாத பழக்கமே ஒருவரின் உரிமைக்கு எதிரான சாட்சியாகலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பொடி எழுத்து அத்தனை பொடி விஷயம் இல்லை.

எங்கள் வங்கியில் பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட்டை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றிவிடுவோம். அதற்குப் பிறகு பேரன் வந்து கேட்டாலும் உரிய காகிதம் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். லெட்ஜரில் பெயர் இருப்பதால்தான் அது முடிகிறது. வாத்தியக் கலைஞர்களுக்கு அந்த லெட்ஜர் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் தட்டு உறைகளும் கேசட் அட்டைகளும்தான்.

அதனால் ஒரு வேண்டுகோள். வீடு ஒழிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பொடி எழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி. தெரிந்த கலைஞர் யாராவது வயதாகி வீட்டில் இருந்தால், எந்தப் பாட்டில் என்ன வாசித்தீர்கள் என்று கேட்டு, தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த நவம்பரில் எங்கள் கிளாரினெட் தாதா வரும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காரலாம் என்று இருக்கிறேன். மூன்று பாட்டுச் சொன்னவரிடம் முப்பதாவது இருக்கும்.