பணப்பைக் கணக்கும் பொதுப் படிவமும்

பொருளைக் காத்தல் வேறு. அப்பொருளின் கணக்கைக் காத்தல் வேறு. ஒருவர் எழுதி வைத்த கணக்கைப் பிறிதொருவர் படித்தறியக் கூடாதாயின், பொருள் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். ஆதலின், கணக்கெழுதும் முறை பலர்க்கும் பொதுவாதல் வேண்டும். கணினி வழித் தோன்றிய மறைகுறி நாணயங்களின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

சடோசி நகமோட்டோ என்னும் புனைபெயருடையார் பிட்கொயின் பற்றிய கட்டுரையை 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் வெளியிட்டார். 2009ஆம் ஆண்டு சனவரி மாதம் அந்நாணயம் நடைமுறைக்கு வந்தது. இந்நாணயத்துக்குரிய 'பணப்பை' என்னும் பெயர் மயக்கந் தருவது. பணப்பையினுள் நாணயம் இல்லை. நாணயக் கணக்கு யாவரும் காணத்தக்க பேரேட்டில் உள்ளது. அதனைச் செலவிடும் உரிமையைத் தரும் இரகசியத் திறவுகோல்களே பணப்பையில் உள்ளன. தொடக்க காலத்து மென்பொருள் இத்திறவுகோல்களை 'வாலட்.டாட்' என்னும் ஒரே கோப்பில் வைத்தது. நூறு திறவுகோல்கள் முன்னரே ஆக்கப்பட்டிருந்தன. அவை செலவானபின் பிறந்த புதிய திறவுகோல்கள் பழைய படியில் இரா. எனவே, பழைய படியை நம்பியிருந்தோர் தம் பொருளை இழக்க நேர்ந்தது.

இக்குறையை நீக்க எழுந்ததே பீட்டர் வில்லே என்பார் 2012இல் வரைந்த 32ஆம் எண் முன்மொழிவு. ஒரு வித்திலிருந்து எண்ணிறந்த திறவுகோல்களை முறைப்படி பிறப்பிக்கலாம் என்பது அதன் கருத்து. 2013இல் வந்த 39ஆம் எண் முன்மொழிவு அவ்வித்தைச் சொற்களாக எழுத வழி செய்தது. 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு சொற்கள் வரை அமையும். எழுதுவதிற் பிழை நேரின் அதனைக் காட்டவல்ல சரிபார்ப்புக் குறியும் அச்சொற்களுள் அடங்கியுள்ளது. ஒரு சிறு தாளில் ஒருவர் தம் செல்வம் முழுவதையும் எழுதி வைக்கலாம் என்னும் நிலை இவ்வாறு உண்டாயிற்று.

ஆயினும் சிக்கல் முற்றுந் தீர்ந்ததன்று. வித்து ஒன்றே, அதிலிருந்து கிளைக்கும் வழிகளோ பல. 2014இல் 44ஆம் எண்ணும், 2016இல் 49ஆம் எண்ணும், 2017இல் 84ஆம் எண்ணும் வெவ்வேறு வழிகளை வகுத்தன. ஒரு பணப்பையின் சொற்களை வேறொரு பணப்பையில் இட்டோர் அது வெறுமையாய் இருக்கக் கண்டு திகைத்தனர். பொருள் அழிந்ததன்று; தேடும் வழியே மாறியிருந்தது. சொற்றொடரிலேயே அதன் வகையைக் காட்டும் குறி இருத்தல் வேண்டும் என வாதிட்ட எலெக்ட்ரம் மென்பொருளார் தமக்கென வேறு முறை வகுத்தனர். பின்னர், எவ்வழியில் எவ்வகை முகவரி பிறந்தது என்பதை வெளிப்படையாக எழுதும் விவரிப்பு முறை 2018இல் பிட்கொயினின் முதன்மை மென்பொருளில் இடம்பெற்றது. ஒவ்வொரு வரவுக்கும் செலவுக்கும் உடையவர் இட்ட குறிப்புகளைப் பணப்பைகளுக்கிடையே கொண்டு செல்ல 2022இல் 329ஆம் எண் முன்மொழிவு எழுந்தது.

பிட்கொயினின் மென்பொருளை அடியாகக் கொண்டு 2016இல் தோன்றிய சீகாஷ் நாணயத்தில் இச்சிக்கல் இன்னும் கடுமையாயிற்று. அதன் மறைவு முகவரிகள் 2016, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் மூன்று தலைமுறைகளாக அமைந்தன. முதற்றலைமுறைத் திறவுகோல்கள் வித்துச் சொற்களிலிருந்து பிறப்பன அல்ல. ஆகவே, பழைய மென்பொருளை ஓய்வுபெறச் செய்யுங்கால் சொற்களை மட்டும் எடுத்துச் சென்றால் அவற்றுக்குரிய பொருள் கைவிடப்படும். இதனைத் தவிர்க்க, பிளாக்செயின் கொமன்ஸ் என்னும் அமைப்பினர் 'ஸீவிஃப்' என்னும் திறந்த பரிமாற்றப் படிவத்தை உருவாக்கினர். ஒரு பணப்பைக்கே உரிய தரவை மற்றொன்று அறியாவிடினும் அதனை எறிந்துவிடாது இணைப்பாகச் சுமந்து செல்ல இப்படிவம் இடமளிக்கின்றது. இதுவே இதன் சிறப்பு.

இத்தகைய படிவம் எளிதில் அமையாமைக்குக் காரணம் யாது? நிறைகளையும் அளவைகளையும் அரசாணையால் ஒருமைப்படுத்தலாம். இந்நாணயங்களுக்கோ ஆணையிடும் அரசு இல்லை. மென்பொருள் செய்வோர் தாமே உடன்படல் வேண்டும். தம் பயனாளர் பிறரிடம் எளிதிற் செல்லுதலை விரும்பாதாரும் உளர். அன்றியும், திறவுகோல் அனைத்தையும் கொண்ட கோப்பு பகைவர் கைப்படின் அனைத்தும் போம். ஆகவே படிவம் திறந்ததாயினும் உள்ளடக்கம் மறைகுறியிற் பூட்டப்பட்டதாதல் வேண்டும்.

தந்தை விட்டுச் சென்ற பன்னிரு சொற்களால் மகன் பணத்தைப் பெறலாம். அப்பணம் யாரிடமிருந்து வந்தது, எதன்பொருட்டு வைக்கப்பட்டது, யாருக்குத் தரப்பட வேண்டியது என்பவற்றை அச்சொற்கள் கூறா. கடனையும் அறக்கொடையையும் வேறு பிரித்தறிய இயலாதவன் பெற்ற செல்வம் அரைச் செல்வமே. திறவுகோலைத் தருவது பொருளைத் தருவதாகும்; கணக்கையும் உடன் தருவதே உரிமையை முழுமையாகத் தருவதாகும். பொதுப் படிவத்துக்காக உழைப்போரின் முயற்சி இதன் பொருட்டே. கணினித் துறை புகும் நம் மாணவர், கருவிகளைப் புதிதாகப் படைப்பதோடு அமையாது, தாம் படைத்ததைப் பிறரும் படித்தறியுமாறு அமைத்தலையும் தம் கடனாகக் கொள்வாராக.