சேறும் குளோரினும்

கண்டி வீதியில் யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குப் பரந்தன் ஒரு சந்தி. மேற்கே திரும்பினால் பூநகரி, கிழக்கே முல்லைத்தீவு, நேரே ஆனையிறவு. வீதியை விட்டு இறங்கினால் வயல்.

காலபோகத்தில் தண்ணீர் தேங்கிய வயலுக்குள் காலை வைத்தால், குதிகால் புதையும் இடத்தில் குமிழி கிளம்பும். வயற்காரர் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தக் குமிழியில் மெதேன் இருக்கிறது. நீர் மூடிய சேற்றில் ஒட்சிசன் தீர்ந்ததும், நுண்ணுயிர்கள் பழைய வைக்கோலையும் வேரையும் உக்கவைத்து இந்த வாயுவை விடுகின்றன. பெரும்பங்கு நெற்தண்டின் உட்துளை வழியே சத்தமின்றி மேலேறிவிடும். நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு இது.

துருவப் பனிக்குள் அடைபட்ட பழங்காற்றை வைத்து, 2003இல் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ருடிமன் ஒரு வழக்கைத் தொடுத்தார். குறைந்துகொண்டே போயிருக்க வேண்டிய மெதேன் சுமார் 5000 ஆண்டுகளுக்கு முன் ஏறத் தொடங்கியது. ஆசியாவின் நெல்வயல்களே காரணம், மனிதன் பூமியை மாற்றத் தொடங்கியது அப்போதே என்றார். எல்லோரும் ஒப்பவில்லை. பரந்தன் வயல்களும் அவ்வளவு பழையவை அல்ல: கனகராயன் ஆற்றை மறித்த இரணைமடுக் குளமே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து வேலை.

மற்றக் கட்சிக்கு, புவி வரலாற்றில் மனிதனின் காலம் 1950களில்தான் பிறக்கிறது. அணுகுண்டுச் சோதனைகளின் புளுட்டோனியம் உலகெங்கும் படிந்த பத்தாண்டு அது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்ததும் அப்போதுதான். ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் பாய்ச்சி, குளோரினையும் எரிசோடாவையும் பிரித்தார்கள். ஒன்று குடிநீரைச் சுத்திகரிக்க, மற்றது சவர்க்காரம் காய்ச்ச.

2000இல் மெக்சிக்கோவில் நடந்த கூட்டமொன்றில் இந்த மனிதனின் காலத்துக்கு 'அந்திரோபொசீன்' என்ற சொல்லை எடுத்துப்போட்டவர் போல் குருட்சன். ஓசோன் ஆய்வுக்காக 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். குளோரின் வானத்தில் செய்யும் சேதத்தை நன்கறிந்தவர். (குழாய்த் தண்ணீர்க் குளோரின் அவ்வளவு உயரம் போவதில்லை. அந்தப் பழி பழைய குளிர்சாதனப் பெட்டிகளின் வாயுக்களுக்கே.) அந்தச் சொல்லை ஆராய 2009இல் குழு அமைந்தது. 2023இல் கனடாவின் குரோபோர்ட் ஏரிச் சேற்றை அந்தக் காலத்தின் தொடக்க அடையாளமாக முன்மொழிந்தார்கள். 2024 மார்ச்சில் புவிச்சரிதவியலாளர் வாக்கெடுப்பில் அந்த முன்மொழிவு 12க்கு 4 என்று தோற்றது. ஏடுகளின்படி நாம் இன்னும் 11,700 ஆண்டு வயதான ஹோலோசீனில்தான் இருக்கிறோம்.

பரந்தன் ஆலை அதற்கு வெகுமுன்பே, 1980களில், போரால் நின்றுபோனது. போர் முடிந்த 2009க்குப் பிறகு வன்னி மண்ணைச் சாண் சாணாகக் கீறிப் படித்தவர்கள் கண்ணிவெடி அகற்றுவோர். அவர்கள் தேடிய படை உழவாழத்திலேயே கிடந்தது: துருப்பிடித்த இரும்பு, பிளாஸ்டிக் உறை, வெடிமருந்து.