கம்பம் திராட்சையும் பெயரில்லாத சாமியாரும்

கடியப்பட்டணம் கோவிலில் சின்ன வயதில் நான் பீடச் சிறுவனாக இருந்தேன். பூசைக்கு இரண்டு சிறிய கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைப்பது என் வேலை. ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் திராட்சை இரசம். கடலும் தென்னையும் மட்டுமே உள்ள ஊரில் இது எங்கிருந்து வருகிறது என்று ஒருநாள் உபதேசியாரிடம் கேட்டேன். "கோட்டாத்துல இருந்து வருது மக்ளே" என்றார். கோட்டாறுக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கேள்வி திரும்ப நினைவுக்கு வந்தது கம்பம் பள்ளத்தாக்கில். நண்பர்களோடு போன விடுமுறையில் சுருளி அருவியில் குளிக்கத்தான் போனோம். ஆனால் என் மனதில் நின்றது அருவி அல்ல, வழியில் பார்த்த திராட்சைத் தோட்டங்கள்தான். சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டிருக்கிறார்கள். நாம் பந்தலுக்குக் கீழே குனிந்து நடக்க வேண்டும். தலைக்கு மேலே கருநீலக் கொத்துகள். அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது, திராட்சைதான் தெரியும்!

இதற்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். வாயில் போட்டால் பன்னீர் வாசம் வரும். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் கொடி இலை உதிர்த்துத் தூங்கிவிடும், ஆண்டுக்கு ஓர் அறுவடைதான். இங்கே கொடி தூங்குவதில்லை. கவாத்து செய்து ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பூ இருக்கும். அதனால் ஆண்டு முழுவதும் கம்பத்தில் பழம் கிடைக்கும். இந்தப் பசுமைக்குப் பெரிய காரணம் 1895-ல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணை. அதைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபம் லோயர் கேம்பில் இருக்கிறது. போகிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

சரி, கொடி யார் கொண்டு வந்தது? 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது வந்த செய்திகளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தார். அவ்வளவுதான். அவர் பெயர் இல்லை. எந்தச் சபையைச் சேர்ந்தவர், எந்த ஊரில் நட்டார், ஒன்றும் இல்லை.

நான் வணிகவியல் மாணவன். கணக்கில் ஒரு பதிவு இருந்தால் அதற்கு வவுச்சர் எங்கே என்று தேடுவது எங்கள் பழக்கம். இந்த வரிக்கும் தேடினேன்.

பிரெஞ்சுப் பாதிரியார் என்பது நம்பக்கூடியதுதான். மதுரைப் பக்கத்துக்குப் பிரெஞ்சு இயேசு சபையார் வந்தது 1838-ல்தான் என்றாலும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே புதுச்சேரியில் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் இருந்தார்கள். பூசைக்குத் திராட்சையில் செய்த கலப்படமில்லாத இரசம்தான் ஆகும் என்பது திருச்சபைச் சட்டம். பனங்கள்ளையோ வேறு எதையுமோ வைத்துச் சமாளிக்க முடியாது. கப்பலை நம்பி எத்தனை நாள் இருப்பது? ஒரு கொடி நட்டுப் பார்ப்போம் என்று ஒரு சாமியாருக்குத் தோன்றுவது இயல்பு.

ஆனால் ஓர் இடிக்கல் இருக்கிறது. பன்னீர் திராட்சையின் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த ரகம் 1850 வாக்கில் இங்கிலாந்தில் உருவானது. இன்னும் பிறக்காத ரகத்தை 1832-ல் எப்படிக் கொண்டு வர முடியும்? 1832-ல் வந்தது வேறு ஏதோ திராட்சையாக இருக்க வேண்டும். பன்னீர் அதற்குப் பிறகு வந்திருக்க வேண்டும். இரண்டு சம்பவங்கள் காலப்போக்கில் ஒரே கதையாகி, இரண்டு பேர் ஒரே பெயரில்லாத சாமியார் ஆகிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதே மஸ்கட் ஹாம்பர்க் பிரான்சின் தெற்கே வாந்து மலையடிவாரத்திலும் விளைகிறது. சாப்பிடும் பழமாகவே விற்கிறார்கள். அதற்கு 1997-லேயே அந்த நாட்டுப் பூர்விகப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. நம் கம்பத்துப் பழத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம்!

அந்த மலையிலிருந்து கொஞ்ச தூரத்தில் உலகப் புகழ்பெற்ற ஒயின் ஊர் ஒன்று இருக்கிறது. ஷாத்தோநஃப் டு பாப். "திருத்தந்தையின் புதிய கோட்டை" என்று அர்த்தம். 14-ம் நூற்றாண்டில் திருத்தந்தையர் ரோமை விட்டுப் பக்கத்து அவிஞோன் நகரில் குடியிருந்தார்கள். அவர்களில் 22-ம் யோவான் இந்த ஊரில் கோடைக்கால மாளிகை கட்டினார், திராட்சைத் தோட்டங்களையும் வளர்த்தார். இன்று அந்த மாளிகையில் ஒரு கோபுரத்தின் பாதிதான் மிச்சம். 1944-ல் ஜெர்மன் படையினர் வெடி வைத்துவிட்டார்கள். அந்தப் பாதிச் சுவரைப் பார்க்கவும் தோட்டங்களைச் சுற்றவும் உலகமெங்கும் இருந்து ஆட்கள் போகிறார்கள்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்ன தெரியுமா? அதே 22-ம் யோவான்தான் 1329-ல் அவிஞோனில் இருந்தபடி கொல்லம் மறைமாவட்டத்தை ஏற்படுத்தினார். ஜோர்டானுஸ் கத்தலானி என்ற பிரெஞ்சுத் துறவியை ஆயராக நியமித்தார். அந்தத் துறவி நம் நாட்டுப் பலாவையும் மாவையும் தென்னையையும் வியந்து எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1930-ல் உருவானதுதான் எங்கள் கோட்டாறு மறைமாவட்டம். கடியப்பட்டணத்துப் பையன் எடுத்து வைத்த இரசக் குப்பிக்கும் அந்த ஒயின் ஊருக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு இருக்கிறது.

இன்னொரு விஷயமும் கவனியுங்கள். அந்த ஊரின் பழைய பெயர் ஷாத்தோநஃப் கால்செர்னியே. 1893-ல்தான் பெயரில் திருத்தந்தையைச் சேர்த்தார்கள். வரலாறு வியாபாரத்துக்கு உதவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் வெறும் பெயரை மட்டும் வைத்து அவர்கள் விற்கவில்லை. யார் எப்போது கட்டினார், என்ன நட்டார் என்பதற்கு ஏடு வைத்திருந்தார்கள். 1923 முதல் எந்த நிலத்தில் எந்தத் திராட்சை என்று தங்களுக்குத் தாங்களே விதியும் எழுதிக்கொண்டார்கள். பிரான்சின் ஒயின் பெயர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கே அது முன்மாதிரி ஆயிற்று.

நம்மிடமும் 1999-ல் இயற்றிய புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. கம்பம் திராட்சைக்கும் எங்கள் குமரி மட்டி வாழைப்பழத்துக்கும் 2023-ல் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஆனால் குறியீடு என்பது ஒரு பெயருக்குப் பாதுகாப்பு. அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள கதை தவறாக இருந்தால் நாளை யாராவது கேள்வி கேட்கும்போது விவசாயிதான் விழிக்க வேண்டும். பழம் தோட்டத்தில் விலை போகாத நாளிலும் பார்க்க வருகிறவர்களால் நான்கு காசு கிடைக்கும் என்றால், அதற்கும் சொல்ல ஓர் உண்மையான கதை வேண்டும்.

அந்தக் கதை எங்கோ இருக்கலாம். பழைய பங்குகளின் பதிவேடுகளில், குருக்கள் பிரான்சுக்கு எழுதிய கடிதங்களில், முதன்முதலில் பந்தல் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நினைவில். ஏடுகள் கரையானுக்குப் போகும் முன்னும் பெரியவர்கள் போய்ச் சேரும் முன்னும் யாராவது உட்கார்ந்து எழுதிவிட வேண்டும்.

கம்பம் பக்கம் போனால் அருவியில் குளியுங்கள், ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்குங்கள். அப்படியே தோட்டத்தில் இருக்கும் வயதான ஒருவரிடம், "உங்க தோட்டத்துக்கு முதல் கொடி எங்கிருந்து வந்தது ஐயா?" என்று கேளுங்கள். நான் அன்று கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த முறை முதல் வேலை அதுதான்.