கலங்கரை விளக்கத்துக்குக் காசு கொடுத்தது யார்?

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே ஒரு பெரிய கல் தூண் தனியாக நிற்கிறது. கிரேக்கக் கோயில் தூண் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டது போல இருக்கும். வழக்குக்கு வருகிறவர்கள் ஏதோ நினைவுச் சின்னம் என்று எண்ணிக் கடந்து போவதுண்டு. உண்மையில் அது கலங்கரை விளக்கம். 1844 ஜனவரி 1 முதல் 1894 வரை, ஐம்பது ஆண்டுகள், கடலுக்கு வழிகாட்டியது. அதற்குப் பின் வந்த விளக்கும் வெகு தூரத்தில் இல்லை. அதே வளாகத்தில், நீதிமன்றக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் அதை ஏற்றினார்கள்!

அழகான கட்டடங்கள், சரி. ஆனால் வணிகவியல் படிக்கிறவர்களுக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி வேறு. இந்த விளக்குக்கு எண்ணெய்ச் செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது?

அதைப் பார்க்கும் முன் அன்றைய சென்னைக் கடற்கரையைக் கொஞ்சம் கற்பனை செய்து கொள்ள வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் இங்கே இடம் வாங்கியபோது துறைமுகம் என்று எதுவும் கிடையாது. கப்பல்கள் அலை உடையும் இடத்துக்கு வெளியே ஆழக் கடலில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலையில் மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கரையோ தட்டையான மணல். கடலிலிருந்து பார்ப்பவருக்கு இரவில் எந்த அடையாளமும் தெரியாது. வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் தண்ணீருக்கடியில் மணல் திட்டுகள் வேறு. இருட்டில் வந்து சேரும் கப்பலுக்கு விடியும் வரை கடலிலேயே காத்திருப்பதுதான் பாதுகாப்பு.

இப்படி 150 ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிவிட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். 1796-இல்தான் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் மாடியில் முதல் விளக்கு ஏறியது. தேங்காய் எண்ணெயில் எரியும் 12 விளக்குகள். வியாபாரிகள் கூடிப் பேரம் பேசிய கட்டடம் அது. இன்று கோட்டை அருங்காட்சியகம். கீழே கொள்முதலும் விற்பனையும், மேலே விளக்கு. கம்பெனி ஆட்சியை இதைவிடச் சுருக்கமாகப் படம் வரைந்து காட்ட முடியாது.

இரண்டாவது விளக்கை, அதாவது அந்தக் கல் தூணை, கட்டியவர் மதராஸ் இன்ஜினியர்ஸ் படையைச் சேர்ந்த ஜான் தாமஸ் ஸ்மித். கல் பல்லாவரத்திலிருந்து வந்தது. விளக்குச் சட்டம் முழு வட்டம் சுற்றாமல் முன்னும் பின்னுமாக அசையும் ஒரு அமைப்பை ஸ்மித் உருவாக்கினார். கரையோர விளக்குக்குப் பின்பக்கம் ஊர்தானே இருக்கிறது, அங்கே வெளிச்சம் வீசி என்ன லாபம்? சிக்கனமான மூளை! இதே ஸ்மித் பின்னர் சென்னையிலும் கல்கத்தாவிலும் நாணயச் சாலைத் தலைவராக இருந்தார். வெள்ளி விலை சரிந்து ரூபாய் மதிப்பு விழுந்த 1870-களில், வெள்ளி நாணயம் தாராளமாக அடிப்பதை நிறுத்தச் சொன்ன ஸ்மித் திட்டம் இவருடையதுதான். அரசு அதை 1893-இல்தான் செய்தது. இந்திய நாணய வரலாற்றில் ஒரு பத்தியாக வரும் இவர் கலங்கரை விளக்கமும் கட்டியவர் என்பது பலருக்குத் தெரியாது.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1848-இல் எழுதிய பொருளாதார நூலில் கலங்கரை விளக்கத்தை உதாரணமாக எடுத்தார். கடலில் போகிற கப்பலை நிறுத்திக் கட்டணம் கேட்க முடியாது. காசு கொடுக்காதவன் கண்ணை மூடவும் முடியாது. ஆகவே லாபத்துக்காக யாரும் விளக்குக் கட்ட மாட்டார்கள், அரசுதான் செய்ய வேண்டும் என்பது வாதம். அதன்பின் பொதுப் பண்டம் என்றாலே பாடப் புத்தகங்களில் கலங்கரை விளக்கம்தான்.

1974-இல் ரொனால்டு கோஸ் ஒரு கட்டுரை எழுதி இதைப் புரட்டிப் போட்டார். இங்கிலாந்தில் தனியார் பலர் அரச அனுமதி வாங்கி விளக்குக் கட்டி, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களிடம் டன் கணக்கில் வசூலித்து நல்ல லாபம் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினார். எவ்வளவு லாபம்? 1836-இல் தனியார் விளக்குகளை எல்லாம் வாங்கிவிடச் சட்டம் வந்தபோது, வேல்ஸ் கரையோர ஸ்கெரீஸ் பாறை விளக்குக்கு மட்டும் 4,44,984 பவுண்டு கொடுக்க வேண்டியிருந்தது! கோஸின் வாதத்தில் ஒரு ஓட்டை உண்டு. அந்த வசூலுக்குப் பின்னால் அரச ஆணையும் சுங்க அதிகாரியும் இருந்தார்கள். அதை எப்படித் தனியார் வியாபாரம் என்று மட்டும் சொல்வது?

இந்தியாவில் சட்டம் வந்தபோது இது இன்னும் தெளிவாகிறது. 1927-ஆம் ஆண்டின் இந்தியக் கலங்கரை விளக்கச் சட்டம், துறைமுகத்துக்கு வரும் அல்லது புறப்படும் கப்பலின் டன் அளவுக்கு ஏற்ப விளக்குக் கட்டணம் விதித்தது. ஒரு முறை கட்டினால் 30 நாளுக்குச் செல்லும். கட்டாவிட்டால் சுங்க அதிகாரி புறப்பாட்டுச் சீட்டு தர மாட்டார். மில் சொன்ன சிக்கலுக்கு நடைமுறை விடை இதுதான். வெளிச்சத்தைப் பூட்ட முடியாது, துறைமுகத்தைப் பூட்டலாம்.

ஆனால் துறைமுகத்துக்குள் வராமலே விளக்கைப் பயன்படுத்தும் கப்பலை என்ன செய்வது? சென்னைக்கு அப்படி ஒரு கப்பல் வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். போர் தொடங்கி ஏழு வாரம் ஆகியும் சென்னையில் விளக்குகள் வழக்கம் போல எரிந்து கொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கோபுரத்து விளக்கு, பிரிட்டிஷ் வணிகத்தைக் காப்பதற்காக ஏற்றிய விளக்கு, எதிரிக்கும் அதே நேர்மையோடு வழி காட்டியது. கேப்டன் வான் முல்லர் நிதானமாக நெருங்கி வந்து, 9.30 மணி வாக்கில் சுமார் 130 குண்டுகள் வீசினார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். அடுத்த நாட்களில் ஊரே மூட்டை கட்டி ரயிலேறியது. குண்டு விழுந்ததற்கான கல்வெட்டு உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. "அவன் சரியான எம்டன்" என்ற பேச்சும் அப்படித்தான் தமிழுக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், 1927 சட்டத்தின்படி பார்த்தாலும் எம்டனிடம் ஒரு பைசா கேட்க முடியாது. கூலிக்குச் சரக்கும் பயணிகளும் ஏற்றாத அயல்நாட்டு அரசுக் கப்பல்களுக்கு அந்தச் சட்டமே விலக்கு அளித்தது. 50 டன்னுக்குக் குறைந்த கலங்களுக்கும் அப்படியே. ஆக, அந்த வெளிச்சத்தை ஒவ்வொரு இரவும் பார்த்துக் கரை திரும்பிய கட்டுமரக்காரரும் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

1977 ஜனவரியில் விளக்கு மெரினாவுக்கு மாறியது. 1927 சட்டத்தின் இடத்தில் 2021-இல் புதுச் சட்டம் வந்தது. அதில் கட்டணத்தின் பெயர்தான் மாறியது, கட்டணம் போகவில்லை. கல் தூண் மட்டும் எரியாமல், உயர் நீதிமன்ற வளாகத்திலேயே நிற்கிறது.